பால் ஒத்துக்கொள்ளாத வயிறு

உபாதையும் காரணமும்

இரவில் ஒரு டம்ளர் பசும்பால் குடித்துப் படுத்த சிறிது நேரத்துக்கெல்லாம் வயிறு பொருமி, கடமுடவென்று இரைந்து, சில நாள் பேதியாகவும் போக, அத்தனைக்கும் வாய்வுதான் காரணம் என்று ஓமத்தையும் பெருங்காயத்தையும் தேடுகிற பெரியவர்கள் காவேரிப் பாசனத்து ஊர்களில் எத்தனையோ பேர். சிசுப் பருவம் முதல் அமிர்தமென்று போற்றி வந்த பாலின்மீது அவர்களுக்குச் சந்தேகம் எழுவதே இல்லை.

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. அதைப் பிளந்து ஜீரணிப்பதற்குச் சிறுகுடலின் உட்சுவரில் உண்டாகும் லாக்டேஸ் என்ற நொதி, தாய்ப்பால் அருந்தும் பருவத்தில் நிறைவாக இருந்து, பால்குடி மறந்தபின் மனிதரில் பெரும்பாலோருக்குப் படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலை அடைந்து நீரை இழுத்துக்கொள்ள, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்து வாயுவை உண்டாக்க, அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உபாதை தொடங்குகிறது. பாலைக் காய்ச்சுவதாலோ மஞ்சளும் மிளகும் சேர்ப்பதாலோ இந்தச் சர்க்கரை போய்விடாது. எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் இதற்கு விலக்கல்ல.

எத்தனை பேருக்கு?

உலக ஜனத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு வயது வந்தபின் லாக்டோஸ் முழுமையாகச் செரிப்பதில்லை. வடமேற்கு ஐரோப்பாவில் இத்தகையோர் சிறுபான்மையினர். கிழக்கு ஆசியாவிலோ மிகப் பெரும்பான்மையினர். நம் தேசத்துக்குள்ளேயே இந்த வேற்றுமை உண்டு. 1981-ல் வெளியான ஓர் ஆய்வில், டில்லியில் சோதிக்கப்பட்டோரில் 27.4 சதவீதத்தினருக்கும், திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதிக்கப்பட்டோரில் 66.6 சதவீதத்தினருக்கும் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களானபின்னும் பாலைச் செரிக்கவைக்கும் மரபணு மாற்றம் வடமேற்கிலிருந்து தென்கிழக்கே வர வர அருகிப்போவதை 2012-ல் வந்த மரபணு ஆய்வு எடுத்துக்காட்டிற்று. எருமை மேய்த்துப் பாலை நம்பி வாழ்ந்த நீலகிரித் தோடர்கள் இதற்கு விலக்கு. அவர்களிடம் அந்த மாற்றம் மிகுதி.

நம் டெல்டாவின் சொந்த மாடான உம்பளாச்சேரியைப் பாருங்கள். முழங்கால் புதையும் சேற்றில் ஏரிழுப்பதற்கென்றே பெயர்பெற்ற இனம் அது, கறவை சொற்பம். நெல்லை நம்பிய நாட்டில் குடம்குடமாய்ப் பால் குடித்து வாழ்ந்த பரம்பரை இல்லாதபோது, பாலைச் செரிக்கும் சக்தி நம் சரீரத்தில் குறைந்திருப்பதை வியாதி என்று கொள்வது நியாயமன்று.

தயிரும் மோரும்

காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி உறைமோர் ஊற்றி மூடிவைக்கும் நம் வீட்டுப் பழக்கம் இந்த உபாதைக்கு நேரான பரிகாரம். இரவு முழுதும் நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைப் புளிப்பாக்கிவிடுகின்றன. தயிரோடு வயிற்றுக்குள் சென்றபின் மீதியைச் செரிக்கவும் துணைசெய்கின்றன. ஆகவே பால் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பலர் தயிர்சாதத்தையும், தண்ணீர் தாராளமாகக் கலந்த நீர்மோரையும் சௌக்கியமாக உண்கிறார்கள். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. பெரும்பாலோர் ஒரு வேளைக்குச் சுமார் 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஒரு பெரிய டம்ளர் பாலில் உள்ள அளவு வரை, அதிகத் தொல்லையின்றித் தாங்குகிறார்கள். அதையும் வெறும் வயிற்றில் குடியாமல் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்வது மேல். கும்பகோணம் டிகிரி காப்பியை அஞ்சி ஒதுக்கவேண்டிய அவசியம் பலருக்கு இராது. விருந்தின் பால்பாயசத்தில்தான் நிதானம் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பாலைக் குறைப்பவர்கள் சுண்ணாம்புச் சத்தை இழந்துவிடக் கூடாது. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவற்றில் அது நிறைய உண்டு. பால் பட்டவுடன் தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்தால் அது பாலின் புரதத்தால் நேரும் ஒவ்வாமை. உடனே சிகிச்சை தேவை. மலத்தில் ரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, நாட்பட்ட பேதி ஆகியவற்றைப் பாலின்மேல் பழிபோட்டு விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சுக்காற்றில் ஹைட்ரஜனை அளந்து லாக்டோஸ் செரிக்கிறதா என்று அறியும் சோதனையும் இருக்கிறது. வயிற்றுப்போக்கு கண்ட கைக்குழந்தைக்குச் சில நாள் லாக்டோஸ் சரியாகச் செரிக்காமற் போகலாம். அந்நாட்களிலும் தாய்மார்கள் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டாம்.