பூச்சியக் கழிவும் அதன் அத்தாட்சியும்



கண்ணுக்கு மறைந்த குப்பை உலகைவிட்டே மறைந்துவிட்டதாக எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை நம் நாடு 2017 ஆம் ஆண்டு ஏப்பிரில் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுத் தினத்தன்று, மிகக் கொடிய முறையில் உணர்ந்தது. கொழும்பு மாநகரின் கழிவு ஆண்டுக்கணக்காகக் குவிக்கப்பட்டிருந்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு அன்று சரிந்து அயல்வீடுகளைப் புதைத்தது. 30 பேருக்கு மேல் மாண்டனர். மாநகரம் முழுவதும் கழித்த பொருளின் சுமை ஒருசில குடும்பங்களின் தலைமேல் விழுந்தது.

வீட்டுக் குப்பையைக் காட்டிலும் கடைகளும் தொழிற்சாலைகளும் விடுதிகளும் கழிப்பது ஓரிடத்தில் பெருந்தொகையாகச் சேர்வது. ஆதலால் அதனை அளக்கவும் ஆளவும் இயலும். இக்கருத்தினின்று பிறந்ததே பூச்சியக் கழிவுக் கொள்கை. பொருளைப் புதைத்தலும் எரித்தலும் தவிர்த்து, அதனை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொணர்தல் இதன் நோக்கம்.

ஆயின், "எங்கள் தொழிற்சாலையில் கழிவே இல்லை" என்று ஒருவர் பலகை எழுதித் தொங்கவிட்டால் அதனை நாம் நம்பலாமா? இங்கேதான் அத்தாட்சியின் தேவை எழுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய 'ட்ரூ' என்னும் அத்தாட்சி முறையை எடுத்துக்கொள்வோம். அதன் விதிப்படி, ஒரு நிலையத்தில் கழியும் திண்மப் பொருளில், நச்சுக் கழிவு நீங்கலாக, நூற்றுக்கு 90 பங்கேனும் குப்பைமேட்டுக்கும் எரியுலைக்கும் செல்லாது திருப்பப்படல் வேண்டும். ஒரு நாளோ ஒரு மாதமோ அவ்வாறு செய்தாற் போதாது. 12 மாதக் கணக்குக் காட்டவேண்டும். பரிசோதகர் நேரில் வந்து பார்வையிடுவர். அத்தாட்சி பெற்றபின்னரும் ஆண்டுதோறும் கணக்கு அனுப்பவேண்டும்.

நூற்றுக்கு 90 எவ்வாறு பூச்சியமாகும் என்று மாணவர் வினவக்கூடும். நியாயமான வினாவே. 90 என்பது வாயிற்படி. பூச்சியம் என்பது சென்றடைய விழையும் இடம். எஞ்சிய 10 பங்கினை மறைக்காது எடுத்துரைப்பதே இம்முறையின் நேர்மை. மற்றொரு விதியும் உண்டு. நிலையத்தைவிட்டு வெளியேறும் பொருளில் வேற்றுப் பொருட் கலப்பு நூற்றுக்கு 10 பங்கினை மீறலாகாது. மிஞ்சிய சோறும் குழம்பும் படிந்த கடதாசியை எவரும் விலைக்குக் கொள்ளார். அது ஈற்றில் குப்பைமேட்டையே சேரும். ஆகவே தரம்பிரித்தல் கழிவு தோன்றும் இடத்திலேயே நிகழவேண்டும்.

சொல்லின் பொருளையும் நாம் கூர்ந்து நோக்கவேண்டும். இந்தியானா மாநிலத்திலுள்ள சுபாரு மோட்டார் வண்டித் தொழிற்சாலை 2004 ஆம் ஆண்டிலே குப்பைமேட்டுக்கு எதனையும் அனுப்பாத நிலையை எய்தியது. இயந்திரப் பாகங்களைப் பொதிந்துவரும் றெஜிபோம் அச்சுகளை அது எறிந்துவிடவில்லை. மறுமுறையும் பொதிவதற்காக யப்பானுக்கே திருப்பியனுப்பியது. போற்றத்தக்க செயலே. எனினும் அதன் கழிவில் ஒரு சிறுபகுதி எரிக்கப்பட்டு ஆற்றலாக மாற்றப்பட்டது. 'குப்பைமேட்டுக்குப் பூச்சியம்' என்பதற்கும் 'பூச்சியக் கழிவு' என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு இதுவே. எரித்தலை 'ட்ரூ' முறை வெற்றிக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

கலிபோர்னியா மாநிலத்துச் சிக்கோ நகரிலுள்ள சியரா நெவாடா என்னும் பியர் உற்பத்திச்சாலை 2013 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பூச்சியக் கழிவு வணிகச் சபையின் அதியுயர் தரமாகிய பிளாற்றினம் அத்தாட்சியைப் பெற்றது. அங்கே சாறு வடித்தபின் எஞ்சும் தானியச் சக்கை மாடுகளுக்குத் தீனியாகின்றது. உணவு மிச்சம் பசளையாகின்றது. எள்ளை ஆட்டியபின் பிண்ணாக்கை எறியாத நம் செக்குக்காரருக்கு இது புதுமையன்று. புதுமை யாதெனில், ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதிவைப்பதே.

இவற்றினும் மேலானது கழிவு தோன்றாமலே தடுத்தல். சரக்கு வழங்குவோரிடம் பொதிகளைக் குறைக்குமாறும், வெறும் பெட்டிகளைத் திருப்பி எடுக்குமாறும் கேட்டல், வாங்கும்போதே நெடுநாள் உழைக்கும் பொருளைத் தெரிதல் ஆகியன செலவையும் குறைப்பன.

அத்தாட்சி பெறுதற்குப் பணமும் காலமும் வேண்டும். சிறு வணிகர் யாவருக்கும் அது கைகூடாது. ஆனால் அதன் முதற்படிக்கு ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் போதும். நேயர்களே, உங்கள் கடையிலோ கந்தோரிலோ சிற்றுண்டிச்சாலையிலோ ஒரு வாரம் கழியும் உணவு, கடதாசி, பிளாஸ்ரிக் என்பவற்றை வேறுவேறாக நிறுத்து எழுதுங்கள். வார இறுதியில் அவ்வேட்டில் எது மிகுதியாக இருக்கின்றதோ, அது ஏன் உள்ளே வந்தது என்று வினவத் தொடங்குங்கள்.