காந்தம் காட்டும் மறைகுற்றம்

மாத்தளை மக்களுக்கு உக்குவளை மின்னிலையம் புதியதன்று. பொல்கொல்லையில் மறிக்கப்பெறும் மகாவலி நீர், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தால் மலையை ஊடறுத்து வந்து, 1976ஆம் ஆண்டு முதல் அங்கே மின்னைப் பிறப்பித்துச் சுதுகங்கையிற் கலக்கின்றது. இத்தகைய நிலையங்களில் உயரத்திலிருந்து இறங்கும் நீரின் அமுக்கத்தைத் தாங்குவன உருக்குக் குழாய்கள். எண்ணெயையும் எரிவாயுவையும் நெடுந்தூரம் கொண்டு செல்வனவும் அவையே. புறத்தே குறையின்றித் தோன்றும் குழாயினுள் துருவோ வெடிப்போ மறைந்திருப்பின், அதனை உடைக்காமல் அறிவது எங்ஙனம்?

இதற்கு விடை, பௌதிக வகுப்பில் நாம் கண்ட சிறு சோதனையே. காந்தத்தின்மேற் கடதாசியை வைத்து இரும்புத்தூளைத் தூவ, அது கோடு கோடாய் அமைகின்றதன்றோ? உருக்கைக் காந்தமாக்கினால் அவ்விசைக்கோடுகள் அதனுள்ளே ஒழுங்காகச் செல்லும். வெடிப்பொன்று குறுக்கிட்டால், வாய்க்காலிற் கிடக்கும் கல்லைத் தாண்டி நீர் மேலெழுவது போல, அவற்றுட் சில மேற்பரப்பைவிட்டு வெளியே கசியும். ஆங்குத் தூவிய தூள் திரண்டு, மயிரிழை போன்ற வெடிப்பையும் காட்டிக்கொடுக்கும்.

1868ஆம் ஆண்டிலேயே பீரங்கிக் குழல்களைக் காந்தமாக்கி, அவற்றின்மீது திசையறிகருவியை நகர்த்தி, ஊசி தடுமாறும் இடத்திற் குற்றமுண்டெனத் துணிந்தனர். நிலத்திற் புதைந்த குழாய்க்குத் தூள் தூவுதல் இயலாது. ஆதலின் 1960களில் அமெரிக்காவில், குழாயினுள்ளேயே செல்லும் கருவியை அமைத்தனர். வலிய காந்தங்களையும் உணர்கருவிகளையும் தாங்கிய அதனை, ஓடும் எண்ணெயே தள்ளிச் செல்லும். செல்வழியெங்கும் சுவரைக் காந்தமாக்கி, கசிவு தோன்றும் இடங்களை அது பதிவுசெய்யும். இந்தியாவிலும் பாபா அணு ஆராய்ச்சி நிலையமும் இந்தியன் எண்ணெய்க் கழகமும் இணைந்து இத்தகைய கருவிகளை ஆக்கியுள்ளன.

இதன் இன்றியமையாமையை 2014ஆம் ஆண்டு யூன் 27ஆம் நாள் உணர்த்திற்று. அன்று ஆந்திரத்தின் நகரம் என்னும் ஊரில், அரிப்புண்ட எரிவாயுக் குழாய் கசிந்து தீப்பற்ற, இருபதின் மேற்பட்டோர் மாண்டனர்.

எனினும் இம்முறைக்கும் எல்லையுண்டு. செம்பு, அலுமினியம் ஆகியவற்றில் இது பயன்படாது. விசைக்கோடுகளுக்கு இணையாகக் கிடக்கும் நுண்ணிய வெடிப்பு அவற்றைக் குறுக்கிடாமையால் எளிதிற் புலப்படாது. அதனால் அறிந்தோர் ஒருமுறை நெடுக்காகவும் மறுமுறை குறுக்காகவும் காந்தமாக்கிச் சோதிப்பர். ஒருபுறம் நோக்கிக் குற்றமில்லையெனத் துணிதல் தகாது.

மாணவர்களே, ஆய்வுகூடத்திற் கைப்பிடித் தூளுடன் நீங்கள் செய்யும் சோதனையை விளையாட்டென்று எண்ணற்க. ஓர் ஊரின் உயிர்களைக் காக்கவல்ல அறிவு அதனுள் அடங்கியுள்ளது.