வடலூர் பாட்டு, பாரிஸ் பியானோ, ஒரு துண்டு அட்டை

பௌர்ணமிக்குக் கிரிவலம் போயிருப்பீங்க. 14 கிலோமீட்டரும் ஸ்பீக்கர் சத்தம்தான். அதுல எங்கேயாவது வள்ளலாரோட அருட்பா காதில் விழுந்திருக்கும், சுண்டலை மென்னுக்கிட்டே கடந்து போயிருப்போம். அதே அருட்பா நூறு வருஷத்துக்கு முன்னாடியே பாரிஸ்ல ஒரு பியானோவுக்குள்ள போயிருக்கு, தெரியுமா?

போக வச்சவர் பெயர் மோரிஸ் தெலாழ். 1879ல் பாரிஸில் பிறந்தவர். அப்பாவுக்கு ஷூ பாலிஷ் தொழில். இவர் கப்பல் ஏஜென்சியில கிளார்க், அப்புறம் மீன் விற்பவர்னு என்னென்னவோ பண்ணிட்டு, இருபதுகளில்தான் இசைப் பக்கம் வந்தார். (மூணாவது வருஷத்துல "தப்பான டிபார்ட்மென்ட் எடுத்துட்டேனோ"ன்னு புலம்புறவங்க கவனிக்கவும்.) கம்போசிஷன் சொல்லிக் கொடுத்தவர் ராவெல். பழகின கூட்டத்துல ஸ்ட்ராவின்ஸ்கியும் இருந்தார்.

1912 வாக்கில் பெற்றோரோட இந்தியா வந்தார். அந்தப் பயணத்துல பிறந்ததுதான் 'நான்கு இந்துக் கவிதைகள்'. மெட்ராஸ், லாகூர், பெனாரஸ், ஜெய்ப்பூர்னு ஊருக்கு ஒரு பாட்டு. 1914 ஜனவரியில் பாரிஸில் முதல் அரங்கேற்றம். 'லாகூர்' பாட்டோட வரிகள் ஜெர்மன் கவிஞர் ஹைனே எழுதினதுங்கிறது தனி வேடிக்கை. ஆனா இசை வேடிக்கை இல்ல. பாடகி வாயை மூடிக்கிட்டே ஸ்வரங்களை இழுக்கணும், செல்லோ தந்தியைச் சுண்டிட்டு விரலை வழுக்கணும். நம்ம கமகத்தைப் பிடிக்கிற முயற்சி அது.

எனக்குப் பிடிச்சது அதுக்கு அப்புறம் எழுதின 'ராகமாலிகா'. தெலாழ் மயங்கினது கோயம்புத்தூர் தாயி குரல்ல. இயற்பெயர் பழனிகுஞ்சரம், 1872ல் பிறந்தவர், தேவதாசி மரபில் வந்தவர். வடலூர்ல வள்ளலார் சத்திய ஞான சபை கட்டினதும் அதே 1872தான். கிராமபோன் கம்பெனிக்குத் தாயி நிறைய இசைத்தட்டு பாடிக் கொடுத்தார். அதுல ஒண்ணு அருட்பா ராகமாலிகை. அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டு எழுதினதுதான் தெலாழோட பாட்டு.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் எப்படின்னு யோசிங்க. மைக் கிடையாது. எலெக்ட்ரிக் ரெக்கார்டிங் வந்ததே 1925ல். ஒரு பெரிய கொம்புக் குழலுக்குள்ள பாடணும். அந்தக் காத்தழுத்தம் டயாஃப்ரத்தை ஆட்டும், ஊசி மெழுகுத் தட்டுல கோடு போடும். ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட மூணு நிமிஷம், அவ்வளவுதான். அரைமணி நேரம் விரியக்கூடிய ராகத்தை மூணு நிமிஷத்துல சுருக்கிப் பாடினது தாயியோட வித்தை. பாரிஸ் கேட்டது அந்தச் சுருக்கத்தைத்தான்.

இப்போ தெலாழ் பிரச்சினைக்கு வருவோம். பியானோவுல ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஃப்ரீக்வென்சி. ரெண்டு கட்டைக்கு நடுவுல வழுக்க முடியாது. தாளவாத்தியத்தோட மொத்தையான ஒலியும் அதுல வராது. அவர் என்ன பண்ணினார்னா, கீழ் ஸ்தாயியில ஒரு பி-ஃப்ளாட் தந்திக்கு அடியில அட்டையைச் செருகச் சொல்லி ஸ்கோர்லயே எழுதிட்டார். அட்டை அதிர்வை அமுக்கும், நீளமா ரீங்கரிக்காம 'தொம்'னு நின்னுடும். இன்ஜினியரிங் பாஷையில டேம்பிங். 1940 வாக்கில் அமெரிக்காவுல ஜான் கேஜ் பியானோவுக்குள்ள திருகாணி, ரப்பர் எல்லாம் வச்சதைப் புத்தகங்கள் பெரிசா எழுதும். அதுக்குப் பல வருஷம் முந்தியது இந்த அட்டை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துது. மெட்டும் தாயி பாடினது, ராகம் மாறுற இடங்களும் அவர் பாடினதுதான். அவர் 1917லேயே இறந்துட்டார். தெலாழ் 1961 வரைக்கும் இருந்தார். இன்னைக்கு 'ராகமாலிகா'ன்னு தேடினா கம்போசர்ங்கிற இடத்துல அவர் பெயர்தான் வரும். அவரைத் திருடன்னு சொல்ல மாட்டேன், அந்த அட்டை அவர் மூளைதான். ஆனா காப்பி அடிச்ச அசைன்மென்ட்ல கூட நாம யாரைப் பார்த்து எழுதினோம்னு நமக்குத் தெரியுமே!

ஹெட்போன் மாட்டிக்கிட்டு ரெண்டையும் தேடிக் கேளுங்க. முதல்ல தாயி, அப்புறம் தெலாழ். இரைச்சலுக்கு நடுவுல தாயி குரல் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். தெலாழ் பாட்டுல இடதுகை அடிக்கிற அந்த 'தொம்' வந்ததும் அட்டை எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும்.