நாய்க்கணக்கும் ஆண்டறிக்கையும்

பருத்தி எடுத்து முடிந்ததும் எங்கள் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்துக் கரிசல் காடுகளில் கிடை போட ஆரம்பித்துவிடுவார்கள். போன கோடையில் எட்டயபுரம் ரோட்டோரம் ஒரு கிடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். முந்தின வாரம் ஒரே ராத்திரியில் நாலு குட்டிகளை நாய்கள் கடித்துப் போட்டிருந்தன. "நரிக்குப் பயந்த காலம் போச்சு தம்பி. இப்ப ராக்காவலே நாய்க்குத்தான். நாய்களக் காப்பாத்த அமைப்பெல்லாம் இருக்காமே, அவுக வருசம் பூரா என்னதான் செய்றாக?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்காகவே விலங்கு நல அமைப்புகளின் ஆண்டறிக்கைகள் சிலவற்றை எடுத்துப் படித்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. இத்தனை மீட்பு, இத்தனை கருத்தடை ஆபரேசன், இத்தனை தடுப்பூசி, இத்தனை தத்து. பிறகு "சவால்கள்" என்று ஒரு பக்கம். இந்த எண்களை எப்படிப் படிக்கணும் என்பதற்கான குறிப்புதான் இது.

முதலில் கொஞ்சம் வரலாறு. கேப்டன் வி. சுந்தரமும் அவர் குடும்பத்தாரும் சென்னையில் புளூ கிராஸைத் தொடங்கியது 1959-ல். ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960-ல். அப்போது மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. 1964-ல் புளூ கிராஸ் வேறு வழி சொன்னது: பிடி, கருத்தடை செய், ஊசி போடு, பிடித்த தெருவிலேயே விடு. சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல். 32 வருசம்! 2001-ல் அதுவே மத்திய அரசின் விதியாச்சு. 2023-ல் வந்த புது விதிகள் இதை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக வைத்திருக்கின்றன.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு ஊரில் 3,000 தெருநாய்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அமைப்பு வருசத்துக்கு 600 ஆபரேசன் செய்கிறது. அறிக்கையில் பார்த்தால் பெரிய எண். ஆனால் ஊரில் அது 20 சதவீதம்தான். மீதிப் பொட்டை நாய்கள் ஈத்துக்கு நாலைந்து குட்டி போட்டால் இடைவெளி சீக்கிரம் நிரம்பிவிடும். அதே 600-ஐ அப்படிப்பட்ட ஐந்து ஊருக்குப் பிரித்தால் ஊருக்கு 4 சதவீதம், செய்ததே தெரியாது. மாறாக, 800 நாய்கள் உள்ள ஒரு வட்டாரத்தில் அந்த 600-ஐயும் செய்தால் 75 சதவீதம். உழைப்பு ஒன்றுதான், பலன் வேறு. ஆகவே அறிக்கையில் கூட்டல் மட்டும் போதாது, வகுத்தலும் வேணும்.

ரேபிஸுக்கும் இதே கதைதான். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் வழியாக வருவது. ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் பரவல் சங்கிலி அறுந்துபோகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் ஒரு தடவை போட்டால் ஆகாது. நாய்கள் சாகும், புதுக்குட்டிகள் வரும், சதவீதம் தானே இறங்கும், விடாமல் போடணும். கோவாவில் அரசும் 'மிஷன் ரேபிஸ்' அமைப்பும் சேர்ந்து அப்படித்தான் செய்தார்கள். 2021-ல் மாநிலத்தையே ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலமாக அறிவித்தார்கள்.

பிறகு ஏன் எல்லா இடத்திலும் நடக்கவில்லை? காயம்பட்ட நாயின் படத்துக்கு நன்கொடை வரும். ஆபரேசன் முடிந்து கூண்டில் படுத்திருக்கும் நாய்க்கு வராது. பிடிக்கப் பழகிய ஆள், டாக்டர், தையல் ஆறும்வரை வைத்திருக்கக் கூண்டு, தீனி எல்லாம் வேணும். சிறு நகராட்சிகளுக்கு இது பாரம். ரோட்டோரம் கொட்டும் கறிக்கடைக் கழிவும், பைபாஸில் இறக்கிவிடும் பொட்டைக்குட்டிகளும் அமைப்பின் கையில் இல்லை. அவை நம் கையில் இருப்பவை.

தகராறும் ஓயவில்லை. 2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-ல் அதைத் திருத்தி, வெறிநோய் கண்டதும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, ஊசி முடித்துப் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. இந்தப் பக்கம் காங்கேயத்தில் ஆடு பறிகொடுத்த விவசாயிகள் இழப்பீடு கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் இருப்பது உயிர்தான்.

ஆகவே அடுத்த முறை ஓர் ஆண்டறிக்கை கைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாய்களில் எத்தனை? எந்த எல்லைக்குள்? போன வருசத்தைவிடக் கடி குறைந்ததா? மூன்றுக்கும் பதில் சொல்லும் அமைப்புக்கு, மீட்புப் படம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும், கொடுங்கள்.

கிடைக்காரருக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான். நாய் கடித்தால் மஞ்சள், மிளகாய் எதையும் வைக்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிசம் கழுவிவிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்கே ஊசி இலவசம், சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் முடிக்கணும். "அது சரி தம்பி, ஆட்டுக்கு?" என்றார். அதற்குப் பதில் அந்த 70 சதவீதத்தில்தான் இருக்கிறது.