முதலில் கை, அப்புறம் ஹேண்டில்பார்

கோலா கங்சாரிலிருந்து சைக்கிளில் நெடும்பயணம் கிளம்புகிறவருக்கு முக்கியமாக மூன்று பாதைகள் உண்டு. சுங்கை சிப்புட் வழியாக ஈப்போவுக்குப் போனால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், லாரிகளோடு பங்கு போட்டுக்கொள்ளும் பழைய கூட்டரசுச் சாலை. தைப்பிங் பக்கம் போனால் பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் மேடு. வடக்கே லெங்கோங், கிரிக் என்று போய் 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால், ஆயிரம் மீட்டர் உயரம் வரை ஏறி ஜெலியில் இறங்க வேண்டும். வளைந்த டிராப் ஹேண்டில்பாரை மாற்ற நினைப்பவர் இந்த மூன்றில் எதில் அதிகம் ஓடுவார் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பலரும் எடையையும் பிராண்டையும் பார்த்துத் தொடங்குகிறார்கள். இரண்டு பக்கமும் பை மாட்டிப் பதினைந்து கிலோ ஏற்றப்போகிற சைக்கிளில் ஐம்பது கிராம் குறைந்து என்ன ஆகப்போகிறது? கை எங்கே உட்காரும் என்பதுதான் கேள்வி.

அதற்கான பதில் பழைய ஹேண்டில்பாரிலேயே இருக்கிறது. டேப்பை அவிழ்த்து எறிவதற்கு முன் நன்றாகப் பாருங்கள். எங்கே பளபளவென்று தேய்ந்திருக்கிறது, எங்கே புதிது போலவே இருக்கிறது? பிரேக் லீவரின் தலைப்பகுதியில் மட்டும் தேய்ந்து, கீழ்வளைவு தொடாமலே இருந்தால், அந்தக் கீழ்வளைவு உங்களுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். மேல் குழாயின் மூலைகள் தேய்ந்திருந்தால், முன்னால் எட்டிப் பிடிக்கும் தூரம் அதிகமாகி, நீங்கள் பின்வாங்கிப் பிடித்து ஓட்டியிருக்கிறீர்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். படமும் எடுத்து வையுங்கள்.

பிறகு டேப்பை அவிழுங்கள். பேராக் வெயிலில் ஓட்டுகிறவரின் வியர்வை முழுவதும் அந்த டேப்பில்தான் ஊறும். உப்பு அலுமினியத்தைத் தின்னும். வெள்ளைப் பொடி, சிறு குழிகள், ஸ்டெம் பிடிக்கும் இடத்தின் ஓரத்திலும் லீவர் பட்டையின் அடியிலும் முடி போன்ற கோடு, இவற்றில் எது தென்பட்டாலும் அந்தப் பாரை மறுபடி பூட்டக் கூடாது. எஃகு ஒரு எல்லைக்குக் கீழே எத்தனை முறை வளைந்து நிமிர்ந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சிறு அதிர்வுகூடக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். விரிசல் விட்டபின் பெரும்பாலும் எச்சரிக்கை இல்லாமல் ஒடியும். கீழே விழுந்து வளைந்த பாரைத் தட்டி நிமிர்த்தித் தரச் சொல்லிக் கேட்பதையும் விட்டுவிடுங்கள்.

இப்போது வெர்னியர் காலிபரை எடுங்கள். நடுவில் ஸ்டெம் பிடிக்கும் இடத்தின் விட்டம் பெரும்பாலும் 25.4, 26.0, 31.8 மில்லிமீட்டர் என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். முதல் இரண்டுக்கும் இடையே 0.6 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 25.4 பாரை 26.0 ஸ்டெம்மில் போட்டு எவ்வளவு இறுக்கினாலும், ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது அது கீழே சுழன்றுவிடும். தகரத் துண்டு செருகிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், மலை இறக்கத்தில் அந்தத் தகரத்தை நம்பிப் பிரேக் பிடிப்பீர்களா என்று யோசியுங்கள். லீவர் உட்காரும் பகுதி 23.8 மில்லிமீட்டர். நேரான ஹேண்டில்பாரில் அது 22.2. அதனால் அதற்கென்று செய்த லீவர்கள் இதில் ஏறாது. கியர் மாற்றும் லீவரைப் பாரின் முனைக்குள் செருகி வைத்திருப்பவர்கள் உள்விட்டத்தையும் அளக்க வேண்டும். பழைய சைக்கிளில் ஒற்றை போல்ட் ஸ்டெம் இருந்தால், பாரை அதன் வளைவுகளோடு அந்தத் துளை வழியாக நுழைத்துத் திருப்பி எடுக்க வேண்டியிருக்கும். மிக இறுக்கமாக வளைந்த புதிய வடிவங்கள் அதில் சிக்கிக்கொள்ளலாம். முன்மூடி கழலும் ஸ்டெம் என்றால் இந்தக் கவலை இல்லை.

அகலத்தைத் தேர்வு செய்வதில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இரு தோள்களின் மேல் முனை எலும்புகளுக்கு இடையே உள்ள தூரத்தை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். பந்தய சைக்கிளுக்கு அந்த அளவே சரி. நெடும்பயணத்துக்கு அதைவிட 2 சென்டிமீட்டர் கூட்டி எடுப்பது என் வழக்கம். முன்சக்கரத்தில் பை தொங்கும்போது ஹேண்டில் கனக்கும். அகலமான பாரில் அதைத் திருப்பக் குறைந்த பலம் போதும். இரண்டு லீவர்களுக்கு நடுவே முன்பை உட்காரவும் இடம் கிடைக்கும். அதற்காக அளவுக்கு மீறியும் போகக் கூடாது. கைகள் விரிந்து முழங்கை விறைத்து, மாலைக்குள் தோள்பட்டை வலி எடுத்துவிடும். கடையில் 44 என்று சொன்னால், குழாயின் நடுவிலிருந்து நடுவுக்கா, வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கா என்று கேளுங்கள். இரண்டுக்கும் கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர் வேறுபடும், தயாரிப்பாளர்கள் எல்லாரும் ஒரே முறையில் அளப்பதுமில்லை.

வடிவத்தில் மூன்று எண்கள் பார்க்க வேண்டும். முன்நீட்டம் 70 முதல் 80 மில்லிமீட்டர், ஆழம் 115 முதல் 130, கீழ்வளைவு வெளிப்புறம் விரியும் கோணம் 12 பாகை அளவு. சாலையில் சுமையோடு ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதையே சொல்வேன். பழைய பாணிப் பார்களின் ஆழம் 140-ஐத் தாண்டும். அவற்றின் கீழ்வளைவு வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் போய் செம்பனை வந்த இடங்களின் செம்மண் பாதைகளில் அதிகம் ஓடுகிறவர், கோணத்தை 16, 20 என்று கூட்டலாம். சரளைக்கல் இறக்கத்தில் கீழ்வளைவைப் பிடித்தால் சைக்கிள் நிலையாக நிற்கும். கோணம் கூடக்கூட லீவரின் தலையும் சாயும், முனைகளும் விலகும். லீவர் இருக்குமிடத்தில் 44 ஆக இருப்பது கீழ்முனையில் 50-ஐத் தொடலாம். ஜப்பானின் நிட்டோ செய்யும் பி135 என்ற பார் வேறொரு வழி. அதன் மேல் குழாய் ஓரங்களில் சற்று உயர்ந்து, பிறகு வெளிப்புறமாக விரிந்து இறங்கும். கழுத்து வலிக்காரர்கள் பார்க்க வேண்டியது அது.

பழைய பாரின் முன்நீட்டம் 100 ஆக இருந்து புதியது 75 என்றால், உங்கள் கை 25 மில்லிமீட்டர் பின்னால் வந்துவிடும். அது வேண்டித்தான் மாற்றுகிறீர்கள் என்றால் சரி, இல்லையென்றால் ஸ்டெம்மையும் நீளமாக்க வேண்டும்.

பொருள் அலுமினியமே போதும். கார்பன் அதிர்வைக் குறைக்கும், ஆனால் பையும் விளக்கும் இறுக்கிக் கட்டவும் பஸ்ஸின் அடிப்பெட்டியில் அடிபடவும் ஏற்றதல்ல.

வாங்கி வந்ததும் டேப் சுற்றாதீர்கள். ஸ்டெம் மேல் பொறித்திருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சால் போல்ட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். முன்மூடியின் மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவில் இருக்கட்டும். முன்பையை மாட்டிக்கொண்டு ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். கேபிள் இழுத்தால் புதுக் கேபிள் வேண்டும். கேபிளைக் கறுப்பு மின்டேப்பால் தற்காலிகமாகக் கட்டிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். கோலா கங்சாரில் இதற்கென்றே அமைந்தது போல ஒரு வட்டம் இருக்கிறது. 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிற மாவட்ட அலுவலகப் பக்கம் தொடங்கி, ஆற்றங்கரையோடு போய் புக்கிட் சண்டான் மேட்டில் உபுடியா பள்ளிவாசல் வரை ஏறி இறங்கி, 1932-இல் திறந்த இஸ்கந்தாரியா பாலத்தைக் கடந்து சாயோங் போய்த் திரும்புங்கள். ஆற்றங்கரையில் லீவர் தலையில் கை நிற்கிறதா, ஏறும்போது மூச்சு விட நெஞ்சு விரிகிறதா, இறங்கும்போது கீழ்வளைவிலிருந்து இரண்டு விரலால் பிரேக் எட்டுகிறதா என்று கவனியுங்கள். எட்டவில்லை என்றால் லீவரை நகர்த்துங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் வெளியோர நரம்பு நசுங்குகிறது. மணிக்கட்டு நேராகும் வரை பாரைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பாருங்கள். இந்தச் சோதனையை ஒரே நாளில் முடித்துவிட வேண்டாம்.

எல்லாம் பொருந்திய பிறகே டேப். பார் முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, பாதிக்குப் பாதி மேலேறும்படி இழுத்துச் சுற்றுங்கள். அப்போதுதான் உள்ளங்கை அழுத்தும்போது விளிம்பு சுருளாது. முனைக்கு மூடி கட்டாயம் வேண்டும். மூடி இல்லாத குழாய் விழும்போது உடம்பைக் குத்திவிடும். முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி சோதியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது டேப்பை அவிழ்த்து உள்ளே பாருங்கள்.

கழற்றிய பாரில் விரிசலோ அரிப்போ இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் இரும்பு ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிடுங்கள். முழுதாகப் போனால் யாரோ ஒரு பையன் அதை வாங்கித் தன் சைக்கிளில் பூட்டிவிடுவான்.