மெக்சிகோவுக்கு வேலை மாற்றமா? முதலில் பெயரைக் கவனியுங்கள்

பெட்ரோனாஸ் 2016-இல் மெக்சிகோவின் ஆழ்கடல் எண்ணெய்ப் பகுதிகளை ஏலத்தில் பெற்றது. குவாதலஹாரா நகரில் இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மையம் இருக்கிறது. இப்படி வேலை நிமித்தம் அந்த நாட்டுக்குப் போகும் தமிழர்கள் முதலில் கவலைப்படுவது ஸ்பானிய மொழியைப் பற்றித்தான். ஆனால், மொழிக்கு முன்பே சிக்கலைக் கொண்டுவரக்கூடியது அவர்களின் பெயர்.

மெக்சிகோ மக்களுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். சொந்தப் பெயரை அடுத்து அப்பா வழிப் பெயர், பிறகு அம்மா வழிப் பெயர். அரசாங்கப் படிவங்களில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. மலேசியத் தமிழரின் கடப்பிதழிலோ குடும்பப் பெயரே கிடையாது. சொந்தப் பெயர், நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு அப்பா பெயர், அவ்வளவுதான். இதை எந்தக் கட்டத்தில் எப்படிப் பிரித்துப் போடுவது என்பதை முகப்பில் இருக்கும் அதிகாரியே முடிவு செய்யும்படி விட்டுவிட்டால்தான் தொல்லை.

காரணம், அந்நாட்டில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும் 'கூர்ப்' என்ற 18 இலக்க அடையாளக் குறியீடு. அதன் முதல் நான்கு எழுத்துகள் பெயரிலிருந்தே எடுக்கப்படுகின்றன. முருகன் ஏ/எல் ராமசாமி என்பவரை எடுத்துக்கொள்வோம். ராமசாமியைக் குடும்பப் பெயராக எழுதினால் குறியீடு ஆர், ஏ, எக்ஸ், எம் என்று தொடங்கும். முருகனைக் குடும்பப் பெயராக எழுதினால் எம், யூ, எக்ஸ், ஆர் ஆகிவிடும். அம்மா வழிப் பெயர் இல்லாததால் நடுவில் எக்ஸ். ஒரே மனிதர், இரண்டு குறியீடு! குடியிருப்பு அட்டையில் ஒரு மாதிரியும் வரி எண்ணில் வேறு மாதிரியும் இருந்தால் வங்கிக் கணக்கு திறப்பதும் சம்பளம் ஏறுவதும் இழுபறிதான்.

அதனால் கோலாலம்பூரில் உள்ள மெக்சிகோ தூதரகத்தில் விசா வாங்கும்போதே எது சொந்தப் பெயர், எது அப்பா பெயர் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விசாவில் உள்ளபடியே மற்ற ஆவணங்களிலும் வருகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகே முகப்பை விட்டு நகர வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னால் திருத்தப்போனால் மறுபடி விண்ணப்பம், மறுபடி வரிசை.

தற்காலிகக் குடியிருப்பு விசாவில் போகிறவர்கள் விமான நிலைய அதிகாரியிடம் அதைக் காட்டிச் சொல்ல வேண்டும். சுற்றுப்பயணி என்று பதிவாகிவிட்டால் பிறகு அலைச்சல். நாட்டுக்குள் நுழைந்த 30 நாள்களுக்குள் குடிநுழைவு அலுவலகத்தில் குடியிருப்பு அட்டைக்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும். வீடோ வேலையிடமோ மாறினால் 90 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது வீடு. அதே நகரில் சொந்த வீடு உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் அங்கே அதிகம். புதிதாகப் போகிறவருக்கு அப்படி யார் கிடைப்பார்? ஜாமீனுக்குப் பதிலாகக் கட்டணம் கட்டிப் பெறும் சட்டப் பாதுகாப்புப் பத்திரம் உண்டு. அதை ஏற்பார்களா என்று முதலிலேயே கேட்பது நல்லது. செலவை முதலாளி ஏற்பாரா என்பதையும் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பேசிவிடலாம்.

வீட்டிலிருந்து ரைஸ் குக்கரையும் மிக்சியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அங்கே மின்சாரம் 127 வோல்ட். நம் 240 வோல்ட் குக்கரில் கால்வாசிச் சூடுதான் வரும். பிரஷர் குக்கரை மட்டும் மறக்கக் கூடாது. மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில், கெந்திங் மலையையும் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 93 பாகைக்குள்ளாகவே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பதில்லை. 20 லிட்டர் தண்ணீர்க் கலன் வாங்குவதுதான் வழக்கம். மற்றபடி புளி, மிளகாய், கொத்தமல்லி, நம்மூர் சிங்குவாங் எல்லாம் சந்தையில் கிடைக்கும். மிளகாயும் சிங்குவாங்கும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதானே!

மலேசியத் தமிழருக்குப் பழக்கமே இல்லாத ஒன்று நிலநடுக்கம். மெக்சிகோ சிட்டி பழைய ஏரிப் படுகையில் எழுந்த நகரம். மென்மையான மண் அதிர்வைப் பெரிதாக்கும். 1985 செப்டம்பர் 19 பேரழிவுக்குப் பிறகு கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆகவே, வீடு பார்க்கும்போது கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.

பசிபிக் கரையோரம் நிலம் நடுங்கினால், தலைநகரில் அதிர்வு வந்து சேரும் முன்பே தெருக்களில் அபாயச் சங்கு ஒலிக்கும். கிடைப்பது சில நொடிகள், சில நேரம் ஒரு நிமிடம் அளவில். நடுக்கம் அருகில் ஏற்பட்டால் அதுவும் இல்லை. 2017 செப்டம்பர் 19 அன்று காலை 11 மணிக்கு நாடு தழுவிய ஒத்திகை நடந்தது. இரண்டு மணி நேரம் கழித்து உண்மையான நடுக்கமே வந்தது. சங்கும் அதிர்வும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. 300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2022-இலும் அதே தேதியில் ஒத்திகை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நிலம் நடுங்கியது. எனவே, எந்தத் தேதியில் சங்கு ஒலித்தாலும் ஒத்திகை என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது.

அவசர எண் 911. கடப்பிதழ், குடியிருப்பு அட்டை, மருந்து மூன்றும் வாசலருகே ஒரு பையில் இருக்கட்டும். மலேசிய நேரம் மெக்சிகோ சிட்டியைவிட 14 மணி நேரம் முந்தியது. கிள்ளானில் இரவு எட்டு என்றால் அங்கே விடியற்காலை ஆறு. நடுக்கச் செய்தி வந்ததும் எல்லாரும் ஒரேயடியாக அழைத்தால் இணைப்பு கிடைக்காமல் போகலாம். 'நலம்' என்று ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது என வீட்டாரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.