உங்களுக்குத் தெரியுமா? வீட்டுப் பட்டறைக்கு ஒரு குட்டி சி.என்.சி.

★ எண்களைப் படித்துத் தானாக வெட்டும் மிஷின், மரவேலைக்காகப் பிறந்ததில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைக் கணக்கிட்டு மாரடித்துக்கொண்டிருந்த ஜான் பார்சன்ஸுக்கு உதித்த யோசனை அது. எம்.ஐ.டி. ஆய்வகம் அதை 1952-ல் இயக்கிக் காட்டியது. துளையிட்ட காகித நாடாதான் கட்டளை. உள்ளே நிறைய வெற்றிட வால்வுகள். இன்றைக்கு மேசைமேல் நிற்கும் குட்டி ரௌட்டர்கள் பலவற்றின் மூளை, ‘ஜிஆர்பிஎல்’ என்ற இலவச மென்பொருள். நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் எழுதியது. 32 கிலோபைட் நினைவகம் உள்ள ஆர்டுயினோ ஊனோ போர்டே அதற்குப் போதும். ஆகவே ‘எங்கள் கன்ட்ரோலர் ஸ்பெஷல்’ என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே இரும்பைப் பாருங்கள்.

★ ‘3018’ என்பது வெறும் மாடல் நம்பர் இல்லை. வெட்டக்கூடிய இடம் 30 செ.மீ., 18 செ.மீ. என்று அர்த்தம். மேலும் கீழும் சுமார் 45 மி.மீ. போகும். பெயர்ப்பலகை, சாவிக்கொத்து, சர்க்யூட் போர்டு வரை சரி. தேக்குக் கதவில் மயில் செதுக்க ஆசையிருந்தால் இது ஆகாது.

★ வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனை அடிக்கு எத்தனை அடி?’ என்றுதான். விற்பவருக்கும் அதுதான் வசதி, ஏனென்றால் நீளத்தைக் கூட்டுவது மலிவு. விறைப்பைக் கூட்டுவதுதான் செலவு.

மிஷினின் தலை ஓடும் உருண்டைக் கம்பி வளையாமல் நிற்கும் பலம், அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 12 மி.மீ. கம்பியைவிட 20 மி.மீ. கம்பி ஏறக்குறைய ஏழே முக்கால் மடங்கு விறைப்பு. நீளமோ நேர்மாறு: இரண்டு முனையில் மட்டும் தாங்கிய கம்பியை இருமடங்கு நீட்டினால், அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். அதே கம்பியைப் போட்டு 2 அடி மிஷினை 4 அடியாக்கி, ‘சைஸ் டபுள், விலை கொஞ்சம்தான் கூட’ என்பவரிடம் ஜாக்கிரதை. அடியில் முழு நீளத்துக்கும் தாங்கல் வைத்த ரெயிலோ, சதுரமான லீனியர் கைடோ இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஓடக்கூடாது, மற்ற மோட்டார்களுக்கு மட்டும் கரன்ட் இருந்து அவை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போது ஸ்பிண்டிலின் மூக்கை விரலால் இடமும் வலமும், பிறகு முன்னும் பின்னும் தள்ளுங்கள். பக்கத்தில் காந்த ஸ்டாண்டில் டயல் கேஜ் ஒன்று இருந்தால் முள்ளைப் பாருங்கள். விரல் தள்ளுக்கே அரை மில்லிமீட்டர் ஓடுகிறதென்றால், வேங்கை மரத்தில் பிட் இறங்கும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் ஆட்டம் காட்டுவது குறுக்கே பாலம்போல் நிற்கும் கேன்ட்ரி அல்ல. மேலும் கீழும் போகும் அந்த இசட் பகுதிதான்.

★ ‘0.01 மி.மீ. துல்லியம்’ என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1,600. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் பால் ஸ்க்ரூவில் கணக்குப்படி 0.003 மி.மீ. வரும். காகிதத்தில்! வெட்டுப்படும் தேக்கோ, ஈரப்பதம் ஒரு சதவீதம் மாறினாலே 10 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 0.2 மி.மீ. விரிந்து சுருங்கும் சாதி. ஐப்பசி மழையில் வெட்டிய மூட்டு சித்திரையில் அதே அளவில் இருக்காது. மரத்துக்கு வாங்குகிறவர் இந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

★ வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். ஸ்பிண்டில் மோட்டாரோ மூன்று ஃபேஸ். எப்படி ஓடுகிறது? நடுவில் இருக்கும் வி.எஃப்.டி. பெட்டி ஒரு ஃபேஸை வாங்கி மூன்றாக்கிக் கொடுக்கிறது, அலைவெண்ணையும் ஏற்றுகிறது. நம் ஊர்க் கரன்டின் 50 ஹெர்ட்ஸில் இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போகாது. 400 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 24,000. 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் முழு மூச்சில் ஓடினால் 10 ஆம்பியரைத் தாண்டும், சின்ன பிளக் பாயிண்ட் தாங்காது. தனி லைன் இழுத்து 16 ஆம்பியர் சாக்கெட், சரியான எர்த் வேண்டும். என்னைக் கேட்டால் 2 அடி மிஷினுக்கு 800 வாட் ஸ்பிண்டிலே தாராளம். பெரியது நாலைந்து கிலோ கனக்கும், அதைச் சுமந்தே மெலிந்த கேன்ட்ரி தொங்கிவிடும்.

★ ஸ்பிண்டிலுக்குப் பதில் ஆசாரிகள் கையில் பிடிக்கும் டிரிம்மரையே மாட்டலாம். மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் வேகம் குறைக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். 30,000 சுற்றில் மட்டுமே ஓடும் ரகம் சின்ன மிஷினில் மரத்தைக் கருக்கும். மகிட்டா ஆர்டி0700 போன்றவை 10,000 வரை இறங்கும். கார்பன் பிரஷ் தேயும், இரைச்சலும் அதிகம். அபார்ட்மென்ட்காரர்கள் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே நல்ல பேர் வாங்கி வைப்பது உத்தமம்.

★ மெதுவாக வெட்டினால் மரம் கருகும்! நம்ப முடிகிறதா? இரண்டு வெட்டுவாய் உள்ள பிட், 18,000 சுற்றில் நிமிடத்துக்கு 36,000 முறை கடிக்கிறது. மிஷின் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. நகர்ந்தால் ஒரு கடிக்கு 0.1 மி.மீ. மரம். பயந்துபோய் 900-க்குக் குறைத்தால் 0.025 மி.மீ.தான், பிட் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் பிட்டின் கூர் போகும். கீழே விழுந்த தூளை இரு விரலால் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மணிமணியாகச் சீவல் தட்டுப்பட்டால் சரி. மாவாக இருந்தால் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது சுற்றைக் குறையுங்கள். வேகம் கூட்டினால் மிஷின் நடுங்குகிறதா? மேலே சொன்ன விறைப்புச் சோதனையைச் செய்யாமல் வாங்கிவிட்டீர்கள்.

★ பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலட் 6 மி.மீ. என்றால் அதில் கால் அங்குலப் பிட் போகாது, அது 6.35 மி.மீ. தட்டி நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஈ.ஆர்.11 ரகக் காலட் என்றால் 7 மி.மீ. தண்டு வரைதான் பிடிக்கும். அதற்கு மேல் தடித்த பிட் வேண்டுமென்றால் ஈ.ஆர்.20 போன்ற பெரிய ரகம்.

★ சுருள் மேல்நோக்கிய பிட் தூளை வெளியே தள்ளும், ஆனால் பிளைவுட்டின் மேல்தோலைப் பிய்க்கும். கீழ்நோக்கியது மேல்விளிம்பைச் சுத்தமாக விடும், தூளைப் பள்ளத்திலேயே அடைத்துவிடும்.

★ ஒரு அடிச் சதுரத்தில் பிள்ளையார் உருவம் செதுக்க எவ்வளவு நேரம் ஆகும்? 3 மி.மீ. உருண்டை மூக்குப் பிட், ஒவ்வொரு கோட்டுக்கும் 0.3 மி.மீ. இடைவெளி என்றால் சுமார் ஆயிரம் கோடு, மொத்தம் 300 மீட்டர். நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் 3 மணி 20 நிமிடம். அதற்கு முன்னால் பெரிய பிட்டில் மேலோட்டமாகக் குடைகிற நேரம் தனி.

★ அந்த மூன்று மணி நேரத்துக்குள் கரன்ட் போனால்? சாதாரண ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. சொன்ன படிகளை எண்ணி நகரும், அவ்வளவுதான். பிட் சிக்கி நாலு படி தவறினாலும் மிஷின் கவலைப்படாமல் தப்பான இடத்தில் தொடர்ந்து வெட்டும். ஆகவே லிமிட் சுவிட்ச் உள்ள மிஷினாக வாங்குங்கள். கரன்ட் வந்ததும் ‘ஹோமிங்’ கொடுத்தால் அது தன் மூலையைத் தொட்டு வரும். வேலையின் பூஜ்யப் புள்ளியை ஜி54 என்ற நிரந்தர நினைவிடத்தில் பதிந்திருந்தால் ஜிஆர்பிஎல் அதை மறக்காது. தற்காலிகமான ஜி92-ல் வைத்திருந்தால் போச்சு. கட்டளை அனுப்பும் லேப்டாப் தூங்கிப்போனாலும் வேலை பாதியில் நிற்கும். எஸ்.டி. கார்டிலிருந்து படிக்கும் கன்ட்ரோலர் அந்தத் தலைவலியைத் தீர்க்கும்.

★ மரத்தூளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலைப் புகை இருக்கும் அதே முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. மூக்கு, சைனஸ் பகுதிகளில் வரும் புற்றுநோய்தான் முக்கியப் பயம். எம்.டி.எஃப். என்றால் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடும் சேரும். உறிஞ்சும் குழாய் மாட்ட இடமில்லாத மிஷினை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

★ முழுப் பிளைவுட் 8 அடிக்கு 4 அடி. அதற்காக அவ்வளவு பெரிய மிஷின் தேவையில்லை. முன்னும் பின்னும் திறந்த மிஷினில் பலகையைத் தள்ளித் தள்ளி, பகுதி பகுதியாக வெட்டலாம். அளவு சேருவதற்கு ஓரத்தில் இரண்டு முளைத் துளை போட்டுக்கொள்வார்கள். 18 மி.மீ. பிளைவுட் ஒரு முழுப் பலகை 30 கிலோவுக்கு மேல் இருக்கும். பட்டறை மாடியில் என்றால் முதலில் படிக்கட்டுத் திருப்பத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.